கரும்புக் காயத் தியாகி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்த ஒரு பேக்கரியின் வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். நெற்றியைச் சுற்றி வெள்ளைக் கட்டு. கழுத்தில் யாரோ போட்ட கதம்ப மாலை. பின்னால் ஒரு கூட்டம்.

கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் பேக்கரிக்காரர் மஞ்சுநாத். ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர். கள்ளக்குறிச்சிக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அப்போதுதான் எடுத்த தேங்காய் பன் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். சூடு பொறுக்காமல் கையை மாற்றி மாற்றிப் பிடித்தாரே தவிர, கீழே வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கட்டைப் பார்த்தார்.

"பாத்தியாய்யா? உங்க ஆளுங்க பண்ண வேலைய பாத்தியா?" என்று எனக்குப் பின்னாலிருந்து ராமசாமி மாமா கத்தினார். மாமா என் அக்கா புருஷன். இந்த ஊர்வலத்தை ஏற்பாடு செய்தவரும் அவர்தான்.

எனக்கு அந்த நேரத்தில் பன்னின் வாசனை மட்டும்தான் தெரிந்தது. மத்தியானம் சாப்பிடவில்லை. தியாகிகளுக்குப் பசிக்காது என்று நினைத்தோ என்னவோ, யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவும் இல்லை.

மணப்பெண் ஜாக்கெட்டுக்கு இரண்டு இடது கை வைத்துத் நான் தைத்த கதையைப் போன வாரம் இதே பக்கத்தில் படித்துவிட்டு, "இதற்கு மேலும் ஓர் அசட்டுத்தனம் உண்டா?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். உண்டு, அம்மா. இதோ.

ஓடி வந்த விதம்

பெங்களூரில் மைசூர் ரோடு பக்கம் ஒரு சந்தில் என் லேடீஸ் டைலர் கடை. கடைக்குப் பின்னாலேயே ஒற்றை அறை வீடு. கச்சிராயபாளையத்திலிருந்து அரும்பு மீசையோடு போனவன், அங்கேயே தொழில் கற்று, கடை வைத்து, உளுந்தூர்பேட்டையிலிருந்து சரோஜாவைக் கட்டிக்கொண்டு போய்க் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். நான் வெட்டித் தைப்பேன். கொக்கி, காஜா, ஹெம்மிங் எல்லாம் சரோஜா. மகள் கலா அப்போது இரண்டாம் வகுப்பு.

அந்த வருஷம் காவிரித் தண்ணீர் விஷயமாக மேலே இருந்தவர்கள் என்னவோ சொன்னார்கள். கீழே இருந்தவர்கள் கல்லை எடுத்தார்கள். தமிழில் பெயர் எழுதியிருந்த கடைகளின் ஷட்டர்கள் நெளிந்தன. எங்களுக்கு மூன்று கடை தள்ளி ஒரு தமிழரின் பாத்திரக் கடையை எரித்தார்கள். அன்று சந்து முழுக்க வந்த நாற்றம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

என் கடை மேல் ஒரு கல் விழவில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. என் செல்வாக்கு அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். யாரும் வருவதற்கு முன்பே நான் கிளம்பிவிட்டேன்.

சரோஜா கலாவைத் தூக்கினாள். நான் துணிப் பையைத் தூக்கினேன். பின்பக்கத்துச் சந்து வழியாக ஓடி, எப்படியோ ஒரு காய்கறி லாரியில் தொற்றி ஓசூர் வந்து சேர்ந்தோம். குழந்தைக்குச் சட்டை மாற்றலாம் என்று சரோஜா பையைத் திறந்தாள்.

உள்ளே இருந்தவை எங்கள் துணி இல்லை. வீட்டுக்கார ஜெயம்மாவின் மகள் கல்யாணத்துக்குத் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டுகள். பட்டு, ஜரிகை, லைனிங் துணி, அளவு ஜாக்கெட் எல்லாம் பத்திரமாக இருந்தன. எங்களுக்கு மாற்ற ஒரு துண்டு கூட இல்லை.

சரோஜா ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கல்யாணப் பொண்ணு துணிய தூக்கினு ஓடியாந்துட்டீங்களே! தமிழ்க்காரன் திருடிக்கினு பூட்டான்னு சொல்லமாட்டாங்க?"

"பை ரெண்டும் ஒரே கலரு" என்றேன். அந்த நேரத்தில் அதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

மூங்கில்துறைப்பட்டில் நடந்தது

திருவண்ணாமலைக்கு வந்து கள்ளக்குறிச்சி பஸ் பிடித்தோம். மூங்கில்துறைப்பட்டில் பஸ் நின்றுவிட்டது. சர்க்கரை ஆலையில் அரவை நேரம். ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க டிராக்டரும் மாட்டு வண்டியும் கரும்போடு வரிசை கட்டி நின்றன. கலா கரும்பு வேண்டும் என்று அழுதாள்.

ஆலைக்குப் போகும் வண்டியிலிருந்து ஒரு கரும்பை உருவுவதை எங்கள் பக்கத்தில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. வண்டிக்காரரே பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவார். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. கொஞ்சம் ஆட்டிவிட்டுப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். இத்தனை வருஷம் பெங்களூரில் பட்டு ஜாக்கெட் தைத்தவனுக்கு அது மறந்து போயிருந்தது. கால் ஊன்றி, பல்லைக் கடித்து, நேராக இழுத்தேன்.

கரும்பு வந்தது. தனியாக வரவில்லை, கூட நாலைந்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. அதில் ஒன்றின் அடி என் நெற்றியில் விழுந்தது.

பக்கத்திலேயே ஒரு கம்பவுண்டர் இருந்தார். தையல் போட்டு, தாராளமாக மூன்று சுற்றுக் கட்டும் கட்டி அனுப்பினார். தையல் கொஞ்சம் கோணல். தொழில்காரன் என்ற முறையில் கண்ணாடியில் பார்த்து வருத்தப்பட்டேன்.

பெங்களூரில் நகத்தில் கூடக் கீறல் படாமல் தப்பித்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் பத்திரமாக நுழைந்து, தமிழ்நாட்டுக் கரும்பால் மண்டை உடைபட்டவன் அன்றைக்கு நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறைக்கிறான், பாவம்

கச்சிராயபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா ஓடி வந்தாள். "ஐயோ தம்பி! மண்டைய ஒடச்சிட்டாங்களா!"

"இல்லக்கா. கரும்பு அடிச்சிடுச்சி."

அக்கா என் கட்டைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பினாள். "கரும்பாம்! நாம பயந்துக்குவோம்னு மறைக்கறாம்மா எந்தம்பி!" என்று ஓவென்று அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். சரோஜா அடித்துச் சொல்லியும் பலனில்லை. புருஷன் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாள் என்று அவளுக்கும் ஒரு பாராட்டுக் கிடைத்தது.

நான் உண்மையைச் சொல்லச் சொல்ல என் பெருமை கூடிக்கொண்டே போனது. டீக்கடையில் என்னிடம் யாரும் டீக்குக் காசு வாங்கவில்லை. முடிவெட்டும் கடையில் எனக்காக எழுந்து இடம் கொடுத்தார்கள். காயம் ஆறி அரிக்க ஆரம்பித்த பிறகும் நான் கட்டைப் பிரிக்கவில்லை. காற்றுப் படக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்.

ராமசாமி மாமா கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் இறக்கி விற்பவர். தொழில் அது. ஆசை, கூட்டம் போடுவது. ஒரு கட்சியில் ஊர் அளவில் ஏதோ பொறுப்பிலும் இருந்தார். வீட்டுக்குள்ளேயே மண்டை உடைந்த ஒரு மச்சான் வந்து சேர்ந்ததும் அவர் முகத்தில் வந்த களையை நான் அவர் கல்யாணத்தில் கூடப் பார்த்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் ஊர் வயலுக்குக் காவிரித் தண்ணீர் வராது. மலையில் மழை பெய்தால் கோமுகி அணை நிரம்பும். நிரம்பினால் நெல், இல்லாவிட்டால் மரவள்ளி. காவிரிக்காகக் கச்சிராயபாளையத்தில் தொண்டை கிழியக் கத்தியவர்களில் காவிரித் தண்ணீரைத் தினமும் குடித்து வளர்ந்த உடம்பு என்னுடையது ஒன்றுதான். அதையும் பெங்களூர்க் குழாயில் விட்டவர்கள் கர்நாடகக்காரர்கள்.

இருப்பதா, போவதா

அக்கா வீட்டுக் கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து சரோஜா கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். நான் தெருவில் தியாகி. அவள் உள்ளே கன்னடக்காரப் பெண்ணின் கல்யாண ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறாள்.

நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இனிமேல் பெங்களூர் வேண்டாம். இங்கேயே ஒரு மெஷின் போட்டுக்கொள்ளலாம். "இன்னா இருந்தாலும் சொந்த மண்ணு" என்று சரோஜாவிடம் சொன்னேன். டீக்கடையில் நல்ல வரவேற்புப் பெற்ற வசனம் அது.

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொந்த மண்ணுல எத்தினி பேரு உங்ககிட்ட ஜாக்கெட் தெக்கக் குடுத்தாங்க இந்த ஒரு வாரத்துல?"

"இப்பதானே வந்திருக்கோம்."

"கலா தூக்கத்துல கன்னடத்துல பேசுது. தமிழ்ல அதுக்கு அ-னா ஆ-வன்னா கூட ஒழுங்கா தெரியாது. அத எந்த கிளாஸ்ல சேக்கறது? உங்க அக்கா நல்லவங்கதான். ஆனா நேத்து அரிசி எடுக்கசொல்ல படிய ரெண்டு தபா பாத்தாங்க. நான் பாத்தேன்."

"அங்க போனா உயிருக்கு யாரு உத்தரவாதம்?"

சரோஜாவின் கை நின்றது. "எனக்கும் பயமாத்தான் கீது. அந்த பாத்திரக்கடைக்காரரு எரியற கடைய பாத்துக்கினு நின்னாரே, தெனமும் கண்ணுல வருது. ஆனா பயந்துக்கினு ஓடியாந்த ஊர்ல எப்படிங்க குடும்பம் நடத்தறது?" என்றாள். கட்டைத் தடவிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் மலைமேல் கரியாலூரிலிருந்து மாமாவுக்குக் கடுக்காய் மூட்டை கொண்டுவந்த ஒருவர், கர்நாடகத்துக் குடகுக்கு மிளகு பறிக்கப் போகிற கூட்டத்தோடு தானும் கிளம்பப்போவதாகச் சொன்னார். நான் என் கட்டைக் காட்டி, இந்த நேரத்தில் அங்கே போகலாமா என்று கேட்டேன். அவர் கட்டைப் பார்த்துவிட்டு யோசித்தார். "அப்படின்னா பெங்களூர் பக்கம் வேணாம், மைசூர் பக்கமா போறோம்" என்றார். அவருக்குப் போவதா வேண்டாமா என்பது பிரச்சனையே இல்லை, எந்த பஸ் என்பதுதான் பிரச்சனை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. டீ வந்ததும் அது போய்விட்டது.

கடைசி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்த அன்று சரோஜா சொல்லிவிட்டாள். "நான் கலாவ கூட்டினு போறேன். நீங்க கட்டு போட்டுக்கினு மாலை வாங்கினு இங்கியே இருங்க."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் மறுநாளே மாலை வந்தது.

மறுபடியும் பேக்கரி வாசல்

காவிரிக்காகக் கள்ளக்குறிச்சியில் ஊர்வலம், கடைசியில் மேடை. "நீ பேசவே வேணாம் மச்சான், சும்மா குந்திக்கினு இரு, போதும்" என்று சொல்லித்தான் மாமா என்னை அழைத்துப் போனார். சும்மா உட்காருவது எனக்குக் கை வந்த வேலை. சம்மதித்தேன்.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது யாரோ அந்தப் பலகையைக் காட்டினார்கள். பேக்கரியின் பெயரில் 'பெங்களூர்' என்ற சொல் இருந்தது. அவ்வளவுதான், கூட்டம் சந்துக்குள் திரும்பியது. மாமாவின் மகளுக்குப் பிறந்தநாள் கேக் வருஷா வருஷம் அங்கேதான் வாங்குவார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் அங்கே பன் தின்றவர்கள். என்னை முன்னால் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"பொழுது சாயறதுக்குள்ள கடைய காலி பண்ணிக்கினு உங்க ஊரப் பாத்துப் போய்ச் சேரு" என்றார் மாமா. பக்கத்தில் ஓர் ஆட்டோக்காரப் பையன் கையில் கல். உள்ளே திரைக்குப் பின்னால் மஞ்சுநாத்தின் மனைவி நிற்பது தெரிந்தது. காலடியில் ஒரு குழந்தை.

மஞ்சுநாத்துக்கு நன்றாகத் தமிழ் வரும். ஆனால் அன்று என்னிடம் கன்னடத்தில்தான் பேசினார். பெங்களூரிலிருந்து வந்தவனைப் பார்த்ததும் தானாக வந்துவிட்டதோ என்னவோ.

"வலி ஜாஸ்தியா?" என்று கேட்டார்.

"இல்லை. என்னை யாரும் அடிக்கவில்லை. மூங்கில்துறைப்பட்டில் வண்டியிலிருந்து கரும்பு இழுத்தேன்" என்றேன், நானும் கன்னடத்திலேயே.

"நேராக இழுத்தீர்களா?"

"ஆமாம்."

அவர் உதட்டில் ஏதோ வந்து போனது. "எனக்கும் ஒருமுறை தோளில் விழுந்தது" என்றார். இத்தனை நாளில் கரும்புக் கதையை நம்பிய முதல் மனிதர் அவர்தான். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. கூட்டம் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு கோஷம் போட்டது.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டார்.

"இன்னா மச்சான் சொல்றான் அவன்? தமிழ்ல சொல்லு!" என்று மாமா அதட்டினார்.

"நான் பெங்களூருக்குத் திரும்பிப் போவேனான்னு கேக்கறாரு."

மாமாவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. மேடைக்கென்று சேர்த்து வைத்திருந்த குரலை அங்கேயே எடுத்துவிட்டார்.

"ஏன் போவமாட்டான்? நல்லா போவான்! எத்தினி வருஷமா அங்க ஒழைக்கறான்! அவன் வூடு அங்க கீது, கடை அங்க கீது, அவன் புள்ள அங்க படிக்குது! அவன வெளிய போன்னு சொல்றதுக்கு எவனுக்குய்யா உரிமை கீது?"

கூட்டம் கை தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தவர்களில் ஒருவர் நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவரும் நிறுத்தினார். மஞ்சுநாத்தின் குழந்தை திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, இந்தப் புதுமையான ஊர்வலத்தைப் பார்த்தது. அது போட்டிருந்தது பக்கத்துத் தெரு கான்வென்ட் யூனிபாரம்.

"அப்ப இவரு வூடும் இங்கதான மாமா கீது?" என்று ஆட்டோக்காரப் பையன் சந்தேகம் கேட்டான். கையில் கல் அப்படியே இருந்தது.

மாமா அவனை முறைத்தார். என்னை முறைத்தார். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"தட்ட கீழ வைய்யா. கை வேவுது பாரு" என்றார் மஞ்சுநாத்திடம்.

கூட்டம் மேடைக்குப் போனது. எல்லாரும் மனம் மாறிப் போனார்கள் என்று சொல்லமாட்டேன். போகிற போக்கில் யாரோ பலகையில் சாணியை அப்பிவிட்டுத்தான் போனார்கள். அன்று மாமா மேடையில் விலைவாசியைப் பற்றிப் பேசினார்.

அவர் போட்ட நிபந்தனை

நான் மட்டும் பின்தங்கினேன். மஞ்சுநாத் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு என்னை உள்ளே உட்காரவைத்துப் பன் கொடுத்தார். அவர் மனைவி ஹாசனுக்கே போய்விடலாம் என்று மூன்று நாளாக அழுதுகொண்டிருக்கிறாளாம். அவருக்கு மனம் இல்லையாம். ஆனால் இருக்கவும் பயமாம்.

"நீங்கள் போங்கள். போய்ப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்கள். பக்கத்து மெடிக்கல் ஷாப் நம்பருக்குப் பண்ணினால் என்னைக் கூப்பிடுவார்கள். அங்கே நீங்கள் கடையைத் திறக்க முடிந்தால் இங்கே நானும் திறக்கிறேன். முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள், நாங்கள் கிளம்பிவிடுகிறோம். அதுவரைக்கும் அடுப்பு மூட்டமாட்டேன்."

பன்னைக் கீழே வைத்தேன். கச்சிராயபாளையத்தில் மெஷின் போடுவதாக இருந்தவன் நான். இப்போது பொதுமக்கள் முன்னிலையில் என் மாமாவே என்னைப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டார். ஒரு குடும்பம் வேறு என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இப்படித்தான் நான் தைரியசாலி ஆனேன்.

மறுநாள் கிளம்பினோம். ஓசூரில் சரோஜா என் கட்டைப் பிரித்துச் சாக்கடையில் போட்டாள். "இதோட போனீங்கன்னா அங்கயும் எவனாவது மாலை போடுவான்" என்றாள்.

திறந்த கடை

எங்கள் சந்துக்குள் நுழைந்தோம். பாத்திரக் கடை இருந்த இடத்தில் கருத்த சுவர் மட்டும் நின்றது. முனையில் உட்கார்ந்திருந்த இரண்டு இளைஞர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். தினமும் எனக்கு வணக்கம் சொல்கிற வளையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜெயம்மா வாசலில் நின்றிருந்தாள். சரோஜா பையை நீட்டினாள். ஜெயம்மா ஒவ்வொரு ஜாக்கெட்டாக எடுத்துக் கொக்கியை இழுத்துப் பார்த்தாள். ஏன் போனீர்கள் என்று கேட்கவில்லை. எப்போது வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. "ரெண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. உங்களுக்கும் சேர்த்து ரெண்டு குடம் பிடித்து வைத்திருக்கிறேன்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சரோஜா அங்கேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

முதலில் போன். சந்து முனை எஸ்.டி.டி. பூத்துக்குச் சரோஜாவும் கூடவே வந்தாள். மெடிக்கல் ஷாப்காரர் மஞ்சுநாத்தைக் கூப்பிட்டார். அவர் ஓடி வந்து எடுத்தது மூச்சு வாங்குவதில் தெரிந்தது.

"எப்படி இருக்கிறது?" என்றார்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்த இரண்டு இளைஞர்களும் இன்னும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருத்த சுவர் தெரிந்தது. என் கடை ஷட்டரும் தெரிந்தது. பூட்டியபடியே இருந்தது. இவரைப் போகச் சொல்லிவிட்டால் நானும் போய்விடலாம். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

"முன்பு மாதிரி இல்லை. பயமாகத்தான் இருக்கிறது" என்றேன். அடுப்பு மூட்டாமல் அவர் காத்திருப்பது நினைவுக்கு வந்தது. "ஆனால் கடையைத் திறந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்படியா?" என்றார். பிறகு, "நானும் அடுப்பு மூட்டிவிட்டேன். பன் போட்டாகிவிட்டது" என்றார்.

போனை வைத்தேன். சரோஜா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கடைய தொறந்தீங்க? சாவி என் இடுப்புல கீது."

கை நீட்டினேன். கொடுத்தாள். சந்தின் நடுவே, எல்லாரும் பார்க்க நடந்து போய், மூன்றாவது முயற்சியில் பூட்டைத் திறந்தேன்.

பல வருஷம் கழித்து ஒரு நாள் அந்தப் பேக்கரியில் பேசிக்கொண்டிருந்தபோது மஞ்சுநாத்திடம் இதைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் போன் செய்த அந்த நேரத்தில் அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாளாம். போனை வைத்துவிட்டுப் போய்த்தான் சாக்கை அவிழ்த்து, விறகை எடுத்து வைத்தாராம்.